ரொறன்ரோவின் ஊர்காண் காதை

கோடை பிறந்ததும் எமது வீடுகளுக்கு விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். இலண்டன், பாரிஸ், கொழும்பு, யாழ்ப்பாணம் எனப் பல திசைகளிலிருந்தும் உறவினர் வந்திறங்குவர். அவர்களுக்கு ஊர் காட்டுதல் எம்மவர் தலைமேற்கொண்டு செய்யும் கடமைகளுள் ஒன்று. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு ஒரு நாள், சி.என். கோபுரத்துக்கு ஒரு நாள்; கசா லோமா மாளிகைக்கும் சென்ரர் தீவுக்கும் மற்றொரு நாள்; இடையிலே ஸ்காபுறோவின் புடைவைக் கடைகளும் கோயில்களும். படம் எடுத்தாயிற்று, ஊர் பார்த்தாயிற்று என்று விருந்தினரும் விமானம் ஏறிவிடுவர்.

பார்த்த இடங்களைக் கட்டியவர் யார், அவ்விடங்களில் முன்னர் வாழ்ந்தவர் யார் என்று கூட வந்த பிள்ளை கேட்டால் மறுமொழி சொல்லத்தக்கவர் எம்மிடையே எத்தனை பேர்? அவ்வினாவுக்கு ஓரளவேனும் விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர் பார்த்தல் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலே 'ஊர்காண் காதை' என்றே ஒரு காதை உண்டு. செல்வமெல்லாம் இழந்து, பிறந்த புகாரை நீங்கி, கால்நடையாக மதுரையை அடைந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு நகருக்குட் சென்று, மணிக்கடை வீதியையும் பொற்கடை வீதியையும் துணிக்கடை வீதியையும் கூல வீதியையும் கண்டு மகிழ்கின்றான். அதற்கு அடுத்து வருவது 'அடைக்கலக் காதை'. இடைக்குல முதுமகள் மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகின்றாள். அதற்கும் அடுத்தது 'கொலைக்களக் காதை'. தன்பொருட்டுச் சாட்சி சொல்ல ஒருவருமில்லாத புதிய ஊரிலே, பொற்கொல்லன் ஒருவனின் பொய்மொழியால், விசாரணை எதுவுமின்றிக் கோவலன் வெட்டுண்டு மடிகின்றான்.

இம்மூன்று காதைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளமை நோக்கற்பாலது. ஒரு நகரின் அழகை அதன் வீதிகளில் மட்டும் காண இயலாது. புதிதாக வந்தவனுக்கு அந்நகர் என்ன செய்தது என்பதையும் சேர்த்தே காணல் வேண்டும். ரொறன்ரோவை அவ்வளவுகோல் கொண்டு சுற்றி வருவோம்.

கோபுரத்தின் அடியில்

எல்லோரும் முதலிற் செல்லும் சி.என். கோபுரத்திலிருந்தே தொடங்கலாம். 1973 இல் அடித்தள வேலை தொடங்கி, 1976 ஜூன் 26 ஆம் நாள் மக்களுக்குத் திறக்கப்பட்ட இக்கோபுரம் 553 மீற்றர் உயரமானது. துபாயிலே புர்ஜ் கலிபா உயர்ந்தெழுந்த 2007 ஆம் ஆண்டு வரை, தன்னந்தனியே நிற்கும் அமைப்புகளுள் உலகிலேயே உயர்ந்தது இதுவே. நகர மையத்தில் வானளாவிய கட்டடங்கள் பெருகியமையால் தொலைக்காட்சி, வானொலி அலைகள் தடைப்பட்டன. அவற்றுக்கு மேலாக அலைகளை அனுப்பும் தேவையே கோபுரம் எழக் காரணமாயிற்று. 1,537 தொழிலாளர் இதன் கட்டட வேலையில் ஈடுபட்டனர்.

மேலே நின்று நோக்குவோர்க்குத் தெற்கே ஏரியும் தீவுகளும், வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீதிகளும் தெரியும். அந்நிலம் யாருடையது? ரொறன்ரோ எனும் பெயரே மோஹோக் மொழிச் சொல்லொன்றின் வழி வந்தது. நீரிலே மரங்கள் நிற்கும் இடம் என்பது அதன் பொருள். இந்நகருக்கு வடக்கே சிம்கோ ஏரிப் பகுதியில், மீன் பிடிப்பதற்காக நீரில் நாட்டப்பட்டிருந்த மரக் கழிகளைக் குறித்த பெயர் அது என்பர்.

1787 ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு, இங்கு வாழ்ந்த மிசிசாகா மக்களிடமிருந்து இந்நிலத்தை வாங்கியதாகக் கூறிற்று. பின்னர் அவ்வுறுதியை எடுத்துப் பார்த்தபோது, நிலத்தின் விபரம் எழுதப்படவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது! 1805 இல் மீண்டும் ஓர் உறுதி எழுதப்பட்டது. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு அவ்வுறுதியிற் குறிக்கப்பட்ட விலை 10 ஷில்லிங். இது நியாயமன்று என்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் தொடுத்த வழக்காடல் 2010 ஆம் ஆண்டிலே, கனடிய அரசு 14 கோடி 50 இலட்சம் டொலர் வழங்க இணங்கியதுடன் முடிவுற்றது. காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடிவந்த எமக்கு இக்கதையின் பொருளை விளக்கத் தேவையில்லை. நாம் குடியேறியிருப்பதும் ஒரு மக்களின் இழந்த காணியிலேதான் என்பதை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் முறையாகும்.

முதலாவது வாடகை வண்டி

ரொறன்ரோவில் ரக்சி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய தமிழர் மிகப் பலர். இந்நகரின் முதலாவது வாடகை வண்டியை ஓட்டியவரும் ஓர் அகதியே என்பதை அவர்களுட் சிலரேனும் அறிந்திருப்பரோ?

தோண்ரன் பிளாக்பேர்ண், அவருடைய மனைவி லூசி ஆகிய இருவரும் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். 1831 இல் அங்கிருந்து தப்பி டிற்றோயிற் நகரிற் குடியேறினர். 1833 இல் அடிமை பிடிப்போர் அவர்களைக் கண்டுபிடித்துச் சிறையிலிட்டனர். பார்க்க வந்த பெண்ணொருத்தியுடன் உடை மாற்றிக்கொண்டு லூசி சிறையிலிருந்து வெளியேறினார். மறுநாள் திரண்டெழுந்த மக்கள் கூட்டம் தோண்ரனை விடுவித்தது. இருவரும் ஆற்றைக் கடந்து, அக்காலத்திலே மேல் கனடா எனப்பட்ட இன்றைய ஒன்ராறியோவுக்குள் புகுந்தனர். அவர்களைத் திருப்பி ஒப்படைக்குமாறு மிச்சிக்கன் ஆளுநர் கோரினார். திரும்பினால் அவர்களுக்கு வாழ்நாள் அடிமைத்தனமே காத்திருக்கின்றது என்பதைக் கருத்திற்கொண்டு மேல் கனடா அக்கோரிக்கையை மறுத்தது. அகதியைத் துன்புறுத்துவோரிடம் திருப்பி அனுப்பலாகாது என்று இன்று சர்வதேசச் சட்டம் கூறும் நெறியை, அச்சட்டம் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே இம்மண் ஒருமுறை கைக்கொண்டது எனலாம்.

1834 இல் ரொறன்ரோ வந்த தோண்ரன் உணவு பரிமாறும் வேலை செய்தார். 1837 இல், மொன்றியலில் ஓடிய வண்டியொன்றின் மாதிரியைப் பெற்று, ஒற்றைக் குதிரை பூட்டி நால்வரை ஏற்றும் வண்டி ஒன்றைச் செய்வித்தார். சிவப்பும் மஞ்சளும் பூசிய அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயர் 'நகரம்' எனும் பொருளுடையது. அதுவே இந்நகரின் முதலாவது வாடகை வண்டித் தொழிலாயிற்று. பொருள் ஈட்டியபின் தமக்குப் பின் தப்பி வந்தோர்க்கு அவர்கள் உதவினர். தோண்ரன் ஆபத்தையும் பாராது கென்ரக்கிக்குத் திரும்பிச் சென்று தம் தாயை அழைத்து வந்தார். 1985 இல் சாக்வில் வீதியிலே ஒரு பாடசாலை வளவைத் தொல்லியலாளர் அகழ்ந்தபோது அவர்களுடைய வீட்டின் அடையாளங்கள் வெளிப்பட்டன. 1999 இல் கனடிய அரசு இருவரையும் தேசிய வரலாற்று முக்கியத்துவமுடையோராக அறிவித்தது.

சேர் ஹென்றி பெலற் எனும் செல்வர் 1911 க்கும் 1914 க்கும் இடையிற் கட்டிய 98 அறைகளுடைய கசா லோமாவைக் காணக் கட்டணம் செலுத்திச் செல்கின்றோம். கடன் முற்றியதனால் அவர் அதில் வாழ்ந்தது பத்தாண்டுக்கும் குறைந்த காலமே. அம்மாளிகையைக் காண்பதிற் குற்றமில்லை. எழுதப் படிக்க அறியாத வண்டிக்காரர் ஒருவரின் வளவையும் ஒருமுறை காட்டினால் பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டுக் கொள்வர்.

காய்ச்சற் கொட்டில்கள்

பத்தர்ஸ்ற் வீதியின் தென்முனையில், நீர்க்கரையோரமாக, அயர்லாந்துப் பூங்கா எனும் சிறிய இடம் ஒன்று உண்டு. 2007 இல் அயர்லாந்தின் சனாதிபதி மேரி மக்கலீஸ் அதனைத் திறந்து வைத்தார். எலும்பும் தோலுமாகச் சில வெண்கல உருவங்கள் அங்கு நிற்கின்றன. ஒன்று நிலத்திற் கிடக்கின்றது. ஒன்று வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்துகின்றது. கற்சுவரின் இடுக்குகளிலே இறந்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் நிலவிய காலம். 1847 இன் கோடையில் மட்டும் 38,000 க்கு மேற்பட்ட ஐரிஷ் மக்கள் கப்பலேறி ரொறன்ரோவில் வந்திறங்கினர். அன்று நகரின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 20,000 தான். தம்மிலும் இருமடங்கான, பசியாலும் தைபஸ் காய்ச்சலாலும் வாடிய மக்கள் தம் வாசலில் வந்து நின்றால் எந்த ஊர்தான் அஞ்சாது? கிங் வீதியும் ஜோன் வீதியும் சந்திக்கும் இடத்திலிருந்த வைத்தியசாலை வளவிலே பலகைக் கொட்டில்கள் அமைத்து நோயாளரைக் கிடத்தினர். ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைப் பராமரித்த வைத்தியர் ஜோர்ஜ் கிறாசெற் நோய் தொற்றி இறந்தார். நோயாளரை நேரிற் சென்று தேற்றிய கத்தோலிக்க ஆயர் மைக்கல் பவர் அவர்களும் அதே ஆண்டு ஒக்ரோபர் முதலாம் நாள் அந்நோயாலேயே உயிர் நீத்தார்.

அக்கொட்டில்கள் இருந்த மூலையிலே இன்று ரொறன்ரோ திரைப்பட விழாவின் மாளிகை நிற்கின்றது. செப்ரெம்பர் மாதத்தில் நட்சத்திரங்களைக் காண மக்கள் முண்டியடிக்கும் இடம் அதுவே. அண்மையில், வைத்தியர் கிறாசெற்றின் பெயரில் ஒரு சிறு பூங்கா 2021 இல் திறக்கப்பட்டது.

நகரமண்டபமும் சீனத்தெருவும்

குளிர்காலத்திலே பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தை அறியாதார் இல்லை. இரு வளைந்த கட்டடங்கள் ஒன்றையொன்று அணைப்பன போல நிற்கும் புதிய நகரமண்டபம் 1965 இல் திறக்கப்பட்டது. உலகளாவிய போட்டியிலே பின்லாந்தைச் சேர்ந்த வில்ஜோ ரெவெல் என்பவரின் வரைபடம் தெரிவு செய்யப்பட்டது. கட்டடம் நிறைவு பெறுவதைக் காணாமலே 1964 இல் அவர் காலமானார். சதுக்கத்துக்குப் பெயர் தந்த நேதன் பிலிப்ஸ், இந்நகரின் முதலாவது யூத மேயர்.

இச்சதுக்கம் எழுவதற்கு முன்னர் இப்பகுதி 'த வார்ட்' என அழைக்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பின மக்கள், பஞ்சத்தில் வந்த ஐரிஷ் மக்கள், ரஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பிய யூதர், இத்தாலியர், சீனர் எனப் புதிதாக வந்தோர் அனைவரும் முதலில் ஒதுங்கிய இடம் அது. 1911 இல் நகர சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள குடியிருப்புகளின் நெரிசலையும் நீர் வசதியின்மையையும் விரித்துரைத்தது. நிலக்கீழ் அறைகளிலே குடும்பங்கள் ஒண்டிக் கிடந்த காலம் எமக்கும் உண்டு அல்லவா?

நகரின் முதலாவது சீனத்தெருவும் அங்கேயே இருந்தது. கனடாவை இணைத்த பசுபிக் ரயில் பாதையை இடுவதற்கு ஆயிரக்கணக்கிற் சீனர் வரவழைக்கப்பட்டனர். பாதை முடிந்த 1885 ஆம் ஆண்டிலேயே, உள்ளே வரும் ஒவ்வொரு சீனர்மீதும் 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903 இல் அது 500 டொலராயிற்று. 1923 இல் கதவு ஏறக்குறைய முற்றாக அடைக்கப்பட்டு, 1947 இலேதான் அச்சட்டம் நீக்கப்பட்டது. மனைவி மக்களைக் காணாமலே முதுமையடைந்த ஆண்கள் எத்தனை பேர்! இதற்காகக் கனடியப் பிரதமர் மன்னிப்புக் கோரியது 2006 இல்.

புதிய நகரமண்டபத்துக்காகச் சீனத்தெருவின் மூன்றில் இரண்டு பங்கு இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் இடிக்க 1960 களின் இறுதியில் முயன்றபோது, ஜீன் லம் எனும் சீனப் பெண்மணி மக்களைத் திரட்டி அதனைத் தடுத்தார். 1976 இல் கனடாவின் உயர் விருதாகிய ஓடர் ஒவ் கனடா அவருக்கு வழங்கப்பட்டது. இடம்பெயர்ந்த கடைக்காரர்களிற் பலர் மேற்கே டண்டாஸ், ஸ்பாடைனா வீதிகளை நாடினர். இன்று நாம் மலிவான மரக்கறி வாங்கும் சீனத்தெரு அவ்வாறு உருவானதே.

கென்சிங்ரன் சந்தையும் ஒரு விளையாட்டுத் திடலும்

சீனத்தெருவுக்கு அடுத்தே கென்சிங்ரன் சந்தை உள்ளது. 'த வார்ட்' பகுதியிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்த யூதக் குடும்பங்கள் 1920 களில் வீட்டு முற்றங்களிலே மேசை போட்டு மீனும் கோழியும் துணியும் விற்றன. முன்னறை கடையாயிற்று, மாடி வீடாயிற்று. அவர்கள் வசதி பெற்று வடக்கே சென்றபின் போர்த்துக்கேயர் வந்தனர். பின்னர் மேற்கிந்தியர், சீனர், வியட்நாமியர், இலத்தீன் அமெரிக்கர் எனப் பலரும் வந்தனர். பழைய யூதத் தொழுகைக் கூடங்கள் இரண்டு இன்றும் அங்குண்டு. 2006 இல் அச்சந்தை தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. திட்டமிட்ட அரண்மனை எதுவும் அங்கில்லை. அடுத்தடுத்து வந்த ஏழை மக்கள் பிழைப்புக்காக மாற்றியமைத்த வீடுகளே நாட்டின் வரலாற்றுச் சின்னமாயின.

இவ்வளர்ச்சி அமைதியாக நிகழ்ந்ததன்று. புளோர் வீதியோரம் கிறிஸ்ரி பிற்ஸ் எனும் விளையாட்டுத் திடல் உள்ளது. ஹிட்லர் ஜேர்மனியிற் பதவியேறி ஏறக்குறைய ஆறு மாதங்களின் பின், 1933 ஆகஸ்ற் 16 ஆம் நாள், அங்கு நடந்த பேஸ்போல் ஆட்டத்தின்போது ஸ்வஸ்திகாக் கொடியொன்று விரிக்கப்பட்டது. ஆட்டத்தில் யூத இளைஞர் பங்கேற்றிருந்தனர். தடிகளும் குழாய்களும் கொண்டு மணிக்கணக்காக மோதல் நடந்தது. இத்தாலிய இளைஞர் யூதருக்குத் துணையாக வந்து நின்றனர். அடுத்த ஆறாண்டிலே, 1939 இல், 900 க்கு மேற்பட்ட யூத அகதிகளைச் சுமந்த சென். லூயிஸ் எனும் கப்பலுக்குக் கனடா இடமளிக்க மறுத்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர்களுள் 254 பேர் பின்னர் நாசிகளின் கொடுமைக்கு இரையாயினர். அதற்கான மன்னிப்பு 2018 இலேதான் கோரப்பட்டது.

நிலத்துக்குக் கீழே

நாள்தோறும் பயணம் செய்யும் நிலக்கீழ் ரயிலின் யோர்க் மில்ஸ் நிலையத்திலே, சுவரில் மாட்டப்பட்ட பெரியதோர் ஒட்டுத்துணிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1960 மார்ச் 17 ஆம் நாள், அந்நிலையத்துக்கு அண்மையிலே ஹொக்ஸ் ஹொலோ எனுமிடத்தில், தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கத்தில் தீப்பிடித்தது. தீயணைக்கும் கருவியோ முறையான பாதுகாப்போ அங்கிருக்கவில்லை. புகையிலே சிக்கி இத்தாலியத் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அச்சாவு எழுப்பிய கோபத்தினால் அரசு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்புச் சட்டங்கள் புதுப்பிக்கப்பட்டன. எமது இளைஞர் இன்று தொழிற்சாலைகளில் அணியும் பாதுகாப்புத் தொப்பிக்கும் காலணிக்கும் பின்னால், பெயரறியாப் பிறமொழித் தொழிலாளரின் உயிர்கள் உள்ளன.

முகாமிலே வளர்ந்த சிறுவன்

எம் பிள்ளைகளின் பாடசாலைச் சுற்றுலாவென்றால் ஒருகாலத்தில் ஒன்ராறியோ விஞ்ஞான நிலையமே முதலில் நினைவுக்கு வரும். 1969 இல் திறக்கப்பட்ட அந்நிலையம், கட்டடப் பாதுகாப்பைக் காரணங்காட்டி 2024 ஜூன் மாதத்தில் மாகாண அரசால் திடீரென மூடப்பட்டது. தொன் மில்ஸ் வீதியோரப் பள்ளத்தாக்கில் மரங்களைப் பேணியவாறு இறங்கிச் செல்லும் அக்கட்டடத்தை வடிவமைத்தவர் றேமண்ட் மொறியாமா.

அவர் 1929 இல் வன்கூவரிற் பிறந்த ஜப்பானியக் கனடியர். இரண்டாம் உலகப் போரின்போது, பகைநாட்டு இனத்தவர் எனும் ஒரே காரணத்தால் ஏறக்குறைய 22,000 ஜப்பானியக் கனடியர் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டனர். அவர்களது வீடுகளும் படகுகளும் விற்கப்பட்டன. சிறுவன் மொறியாமா ஸ்லோகன் எனும் மலைப்புற முகாமில் அடைக்கப்பட்டான்; தந்தை வேறொரு முகாமில். அங்கே மரமொன்றின் மீது அச்சிறுவன் தனக்கென ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டான். அதுவே அவர் கட்டிய முதற் கட்டடம். தன்னைப் பகைவனென்று அடைத்த நாட்டுக்கே அவர் பிற்காலத்தில் ரொறன்ரோ மத்திய ஆராய்ச்சி நூலகத்தையும், ஒட்டாவாவிலே போர் அருங்காட்சியகத்தையும் அமைத்துக் கொடுத்தார். எம்மவர் செறிந்து வாழும் ஸ்காபுறோவின் நகரமன்றக் கட்டடமும், 1973 இல், அவர் கையால் எழுந்ததே. ஜப்பானியக் கனடியரிடம் அரசு மன்னிப்புக் கோரி இழப்பீடு வழங்கியது 1988 இல்.

அவர் வடிவமைத்த இன்னொரு கட்டடம் புளோர் வீதியிலுள்ள பாட்டா காலணி அருங்காட்சியகம். எமது ஊரிலே செருப்பென்றாலே 'பாட்டா' என்றுதானே சொல்வோம்! செக்கோஸ்லோவாக்கியாவில் வளர்ந்த அந்நிறுவனத்தின் வாரிசான தோமஸ் பாட்டா, நாசிப் படைகள் நாட்டைக் கைப்பற்றியபோது 1939 இல் கனடாவுக்கு வந்து தொழிலைப் புதிதாகத் தொடங்கியவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் காலிற் கிடந்த செருப்புக்குப் பின்னாலும் ஒரு புலப்பெயர்வு இருந்தது.

எமது வருகை

இனி எமது கதை. 1983 ஜூலை வன்செயலின் பின்னர் தமிழர் பெருமளவில் இங்கு வரத் தொடங்கினர். 1985 ஏப்ரல் 4 ஆம் நாள் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கிலே வழங்கிய தீர்ப்பு எம் வாழ்வோடு நேரடித் தொடர்புடையது. அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவர் நேரில் தோன்றித் தம் வழக்கைச் சொல்ல உரிமையுடையவர் என அத்தீர்ப்பு கூறிற்று. கோவலனுக்கு மதுரையில் மறுக்கப்பட்டது அவ்வுரிமையே. 1989 இல் தொடங்கிய அகதிகள் சபையின் விசாரணை அறைகளிலே எம்மவர் பல்லாயிரம் பேர் தம் கதையைச் சொன்னது அத்தீர்ப்பு திறந்த வழியிலேயாம்.

1986 ஆகஸ்ற் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தனர். கஸ் டால்ரன் எனும் மீனவத் தலைவரும் அவரது தோழரும் அவர்களை மீட்டனர். முதலில் இரங்கியோருட் பலர், அவர்கள் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்று தெரிந்ததும் சினந்தனர். திருப்பி அனுப்புக எனும் குரல்கள் எழுந்தன. ஆயினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. 2010 இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேருக்கும் வசைமொழி கிடைத்தது. பலர் மாதக்கணக்கிற் தடுத்து வைக்கப்பட்டனர்.

வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகளை அண்டிய சென். ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஓரறைக்குட் பலராகத் தொடங்கிய எம் வாழ்வு, ஸ்காபுறோவுக்கும் மார்க்கத்துக்கும் பிறம்ரனுக்கும் பரந்தது. 2015 முதல் ஸ்காபுறோவின் மார்க்கம் வீதியிலே நடைபெறத் தொடங்கிய தமிழர் தெருவிழாவைக் காணப் பிற இனத்தவரும் வருகின்றனர். பார்க்கப்படும் இடங்களின் பட்டியலில் நாமும் சேர்ந்துவிட்டோம். 2021 குடிசன மதிப்பின்படி இந்நகரின் 27 இலட்சத்து 94 ஆயிரம் மக்களில் நூற்றுக்கு 46 க்கு மேற்பட்டோர் வேறு நாடுகளிற் பிறந்து இங்கு குடிவந்தோர். 'பன்மையே எமது வலிமை' என்பது மாநகரின் குறிக்கோள்வாசகம். அது மேலிருந்து அருளப்பட்ட வரமன்று. மேலே கூறிய ஒவ்வொரு மக்களும் இடிபட்டும் அடிபட்டும் பெற்றுத் தந்தது.

பீற்றர் வீதி

இறுதியாக ஓரிடம். சுற்றுலா நூல்கள் எதுவும் அதனைக் காட்டமாட்டா.

2023 ஆம் ஆண்டின் கோடையிலே, நகர மையத்தின் பீற்றர் வீதியிலுள்ள தங்குமிட அலுவலகத்தின் வெளியே, நடைபாதையில் அகதிக் கோரிக்கையாளர் பலர் இரவும் பகலும் படுத்துக் கிடந்தனர். பெரும்பாலோர் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தோர். தங்குமிடங்கள் நிரம்பிவிட்டன என்றது மாநகராட்சி. செலவை யார் ஏற்பது என்பதில் மத்திய அரசுக்கும் நகருக்கும் இடையே இழுபறி. மழையில் நனைந்த அவர்களை ஜூலை மாதத்திலே கறுப்பின மக்களின் தேவாலயங்கள் சில தம் மண்டபங்களுக்கு அழைத்துச் சென்று, பாய் விரித்து உணவளித்தன.

அந்நடைபாதைக்கும், 1847 இல் காய்ச்சற் கொட்டில்கள் நின்ற மூலைக்கும் இடைத்தூரம் பத்து நிமிட நடைகூட இல்லை. இரண்டுக்கும் நடுவிலேதான் வைத்தியர் கிறாசெற்றின் பூங்கா உள்ளது. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் சி.என். கோபுரம் தெரியும். நூற்றெழுபத்தாறு ஆண்டுகளின் பின்னும் அதே ஊர், அதே வினா.

அவ்வேளையில் எம்மவரிடையேயும், 'இவர்கள் ஏன் வருகின்றார்கள், எங்கள் வரிப்பணம் அல்லவா' எனும் பேச்சுக் காதில் விழுந்தது. இதே சொற்கள் ஐரிஷ் மக்களை நோக்கியும் சீனரை நோக்கியும், 1986 இல் எம்மை நோக்கியும் சொல்லப்பட்டவை. இத்தகைய சொற்களுக்குச் செவிசாயாத சிலர் ஒவ்வொரு காலத்திலும் இருந்தமையாலேயே இந்நகர் பார்க்கத்தக்க நகராக இன்று நிற்கின்றது. மாதரி செல்வந்தப் பெண்ணல்லள். மோர் விற்றுப் பிழைத்தவள். அடைக்கலம் கொடுப்பதற்கு அவளிடம் ஒரு சிறு மனையே இருந்தது. எம்மிடம் அதனினும் அதிகம் உண்டு.

ஆகவே, இக்கோடையில் வரும் விருந்தினரை அழைத்துச் செல்லும்போது கோபுரத்தோடு நின்றுவிடாதீர்கள். கட்டணம் எதுவுமின்றி ஒரே நாளில் அயர்லாந்துப் பூங்காவில் தொடங்கி, கிங் - ஜோன் சந்தியைக் கடந்து, பீற்றர் வீதி வழியாகச் சீனத்தெருவையும் கென்சிங்ரன் சந்தையையும் அடையலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். ஒவ்வோரிடத்திலும் நின்று, இங்கே வந்தவர் யார், அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் யார், மறுத்தவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள். நாளை இன்னொரு மக்கள் கூட்டம் இந்நகரின் வாசலில் வந்து நிற்கும்போது எந்தப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதை அப்பிள்ளைகள் தாமாகவே அறிந்துகொள்வர்.